மெய்ன் மாநில ரெட் ஃப்ளாக் வாக்கெடுப்பு: சட்டம் இருந்தும் துப்பாக்கி கையிலேயே இருப்பது ஏன்?

மலைநாட்டான் (டென்வர்) எழுதியது:

2025 நவம்பர் 4 அன்று மெய்ன் மாநில வாக்காளர்கள் ரெட் ஃப்ளாக் சட்டத்துக்கு (ஆபத்தானவர் கையிலிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்கும் சட்டம்) "ஆம்" போட்டுவிட்டார்கள். நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஆதரவு. மூஸ் மான் வேட்டைக்குப் பேர்போன ஊர், வீட்டுக்கு வீடு துப்பாக்கி. ஆளுநர் ஜேனட் மில்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். அவரே இந்தச் சட்டம் வேண்டாம் என்று சொன்னார். அதையும் மீறித்தான் மக்கள் போட்டார்கள். அதே 2025-ல் டெக்சாஸ் சட்டமன்றம் நேர் எதிராகப் போய், இப்படிப்பட்ட உத்தரவே எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று சட்டம் போட்டது.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக. ஒருவர் இன்னும் குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆனால் "சுட்டுக்கொள்ளப் போகிறேன்" என்றோ "நாலு பேரைச் சுடப் போகிறேன்" என்றோ பேசுகிறார், கையில் துப்பாக்கியும் இருக்கிறது. போலீஸோ, சில மாநிலங்களில் குடும்பத்தாரோ, சத்தியப் பிரமாணத்தோடு சிவில் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிபதி அன்றைக்கே இடைக்கால உத்தரவு தரலாம். பெரும்பாலான மாநிலங்களில் 14 நாளுக்குள் இரு தரப்பையும் வைத்து விசாரணை. அதில் மனுதாரர் ஜெயித்தால் வழக்கமாக ஒரு வருஷம் வரை துப்பாக்கி வைத்திருக்கவோ வாங்கவோ முடியாது. முதலில் போட்டது கனெக்டிகட், 1999-ல். அதற்கு முந்தைய வருஷம் அங்கே லாட்டரித் தலைமையகத்தில் ஓர் ஊழியர் நான்கு மேலதிகாரிகளைக் கொன்றார். இப்போது மெய்னையும் சேர்த்து 22 மாநிலங்கள்.

என் கேள்வி இதுதான். சட்டமன்றங்களில் விடிய விடியச் சண்டை போட்டு நிறைவேற்றிய சட்டம், தேவைப்பட்ட அன்றைக்கு ஏன் அலமாரியிலேயே கிடக்கிறது?

முத்துவேல் (ஹூஸ்டன்) எழுதியது:

தம்பி, நான் துப்பாக்கி வச்சிருக்கிறவன். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போறவன். அதனால எந்தப் பக்கம் நிற்பேன்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்லிடுறேன்.

ஒருத்தன் கோர்ட்ல போய் என்னைப் பத்தி ஒரு கதை சொல்றான். நான் அங்க இல்ல. என் வக்கீல் இல்ல. குறுக்கு விசாரணை இல்ல. சாயங்காலம் ஷெரிஃப் (மாவட்ட போலீஸ்) வண்டி வாசல்ல நிக்குது. 14 நாள் கழிச்சு நான் வக்கீல் வச்சு, லீவு போட்டு, நான் பைத்தியம் இல்லைன்னு நிரூபிக்கணும். திருடன் கேஸ்ல கூட அரசாங்கம் வக்கீல் கொடுக்குது. இது சிவில் கேஸ்னு சொல்லி அதையும் கொடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. 2018 நவம்பர்ல மேரிலாந்துல சட்டம் அமலுக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகுது. விடிகாலையில கதவைத் தட்டி உத்தரவைக் கொடுக்கப் போன போலீஸ், 61 வயசு ஆளைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. துப்பாக்கியோட கதவைத் திறந்தாரு, அதுக்காக இழுபறி. உயிரைக் காப்பாத்தற சட்டம்னு சொன்னாங்க, பாருங்க.

வக்கீல் வண்டு (நியூஜெர்ஸி) எழுதியது:

முத்து அண்ணன் சொன்ன மேரிலாந்துச் சம்பவம் உண்மை. அதை யாரும் மழுப்ப வேண்டாம். ஆயுதம் உள்ள வீட்டுக்கு விடியற்காலையில் போவதா, அவர் வேலைக்குப் போயிருக்கும்போது வழியில் நிறுத்திக் கொடுப்பதா என்பதெல்லாம் சட்டப்புத்தகத்தில் இருக்காது. அது போலீஸ் பயிற்சியைப் பொறுத்தது.

ஆனால் "நான் இல்லாமலே உத்தரவு" என்பது இந்தச் சட்டத்துக்கென்று கண்டுபிடித்த அநியாயம் இல்லை. குடும்ப வன்முறை வழக்கில் மனைவி கேட்கும் பாதுகாப்பு உத்தரவும் முதல் நாள் ஒருதரப்பாகத்தான் வருகிறது. பிறகுதான் எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ், விசாரணை. ஒரு வருஷ உத்தரவு கேட்கும்போது பல மாநிலங்களில் "தெளிவான, நம்பத்தக்க சாட்சியம்" வேண்டும். சாதாரண சிவில் வழக்கில் 51 சதவீதம் சாய்ந்தால் போதும். இது அதைவிட உயரம். நிரூபிக்கும் சுமையும் மனுதாரர் தலையில்தான், உங்கள் தலையில் இல்லை.

வக்கீல் விஷயத்தில் அண்ணன் சொல்வது பெரும்பாலான மாநிலங்களுக்குப் பொருந்தும். கொலராடோவுக்குப் பொருந்தாது. 2019 சட்டத்திலேயே எதிர்மனுதாரருக்கு நீதிமன்றச் செலவில் வக்கீல் என்று எழுதியிருக்கிறார்கள். மற்ற மாநிலங்கள் இதைக் காப்பியடிக்காதது எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்க்கட்சி வாயை அடைக்கவாவது செய்திருக்கலாம்.

பொய் மனு போட்டால்? அதே கொலராடோவில், சட்டம் வந்த முதல் மாதமே, 2020 ஜனவரியில் நடந்தது. தன் மகனைச் சுட்ட போலீஸ்காரர் மேல் ஒரு தாய் மனுப் போட்டார். போலீஸ்காரரோடு தனக்கு ஒரு குழந்தை இருப்பதாக எழுதிக்கொடுத்திருந்தார். மனுப் போட அந்த உறவு தேவை. அது பொய். நீதிபதி மனுவைத் தள்ளினார். பொய்ச் சத்தியத்துக்கு அந்த அம்மா மேல் கிரிமினல் வழக்குப் பாய்ந்தது. இதை வைத்து "பார்த்தீர்களா, துஷ்பிரயோகம்" என்கிறார்கள். எனக்கென்னவோ சல்லடை வேலை செய்த கதையாகத்தான் தெரிகிறது.

கிறுக்கன் எழுதியது:

முதலில் துப்பாக்கியை எடுங்கள், முறைப்படி விசாரணையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று 2018 பிப்ரவரியில் டிவி கேமரா முன்னாலேயே சொன்னவர் யார் தெரியுமா? டொனால்ட் ட்ரம்ப். வெள்ளை மாளிகைக் கூட்டத்தில். முத்து அண்ணே, ஓட்டுப் போடும்போது இது ஞாபகம் இருந்துச்சா? 😀

முத்துவேல் எழுதியது:

இருந்துச்சு. அன்னைக்கும் திட்டினேன்.

நெறியாளர்:

கட்சிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே சட்டத்தைப் பேசுவோம்.

பனிக்கரடி (போர்ட்லண்ட், மெய்ன்) எழுதியது:

மலைநாட்டான் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-ல் எங்கள் சட்டமன்றத்தில் ரெட் ஃப்ளாக் மசோதா வந்தது. வேட்டைக்காரர் சங்கம் எதிர்த்தது. ஆளுநர் மில்ஸ் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி ஒரு நடுவழி கண்டார். அதற்கு யெல்லோ ஃப்ளாக் என்று பெயர். இதில் குடும்பத்தார் நேராக நீதிமன்றம் போக முடியாது. போலீஸிடம் சொல்ல வேண்டும். போலீஸ் அந்த ஆளைப் பாதுகாப்புக் காவலில் எடுக்க வேண்டும். பிறகு மருத்துவத் தகுதியுள்ளவர் பரிசோதித்து, ஆபத்து உண்டு என்று எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் நீதிபதி. மூன்று கதவு, மூன்றும் வரிசையாகத் திறக்க வேண்டும். நாட்டில் வேறெந்த மாநிலமும் இப்படி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். துப்பாக்கிக்காரர்களும் எதிர்ப்பாளர்களும் சேர்ந்து போட்ட சட்டம் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன.

இப்போது 2023-க்கு வாருங்கள். ராணுவ ரிசர்வ் படையில் இருந்த ஒருவர். மே மாதமே அவர் மகனும் முன்னாள் மனைவியும், காதில் குரல் கேட்கிறது, சந்தேகப் பேய் பிடித்திருக்கிறது என்று ஷெரிஃப் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஜூலையில் நியூயார்க்கில் பயிற்சிக்குப் போன இடத்தில் நிலைமை மோசமாகி, இரண்டு வாரம் மனநல மருத்துவமனை. செப்டம்பரில் அவருடைய படை நண்பர் ஒருவர், இவன் வெடித்துக் கூட்டக்கொலை செய்துவிடுவான் என்று மேலதிகாரிக்கு எழுத்திலேயே அனுப்பினார். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஷெரிஃப் ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தது. ஆபத்து என்று திரும்பிவிட்டார்கள். துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குடும்பத்திடமே விட்டார்கள். அக்டோபர் 25 இரவு லூயிஸ்டனில் ஒரு பௌலிங் கூடம், ஒரு பார். அந்த ஆள் சுட்டதில் 18 பேர் இறந்தார்கள்.

மாநிலத்தின் முன்னாள் தலைமை நீதிபதி டேனியல் வாதன் தலைமையில் ஆணையம் விசாரித்தது. 2024 மார்ச்சில் இடைக்கால அறிக்கை. ஷெரிஃப் அலுவலகத்துக்கு அந்த ஆளைக் காவலில் எடுக்கவும் யெல்லோ ஃப்ளாக் நடவடிக்கை தொடங்கவும் போதுமான காரணம் இருந்தது என்று சொன்னார்கள். அதாவது முதல் கதவே திறக்கப்படவில்லை.

இதை வைத்து இங்கே இரண்டு கட்சி. ஆளுநர் தரப்பு: சட்டம் சரி, மனிதர்கள் தவறினார்கள். லூயிஸ்டனுக்குப் பிறகு யெல்லோ ஃப்ளாக் பயன்பாடு பல மடங்கு கூடியதைக் காட்டினார்கள், அதுவும் பொய் இல்லை. மறு தரப்பு: அந்த மகனும் தாயும் மே மாதமே நேராக நீதிபதியிடம் போக வழி இருந்திருந்தால்? 2024-ல் சட்டமன்ற சபாநாயகர் கொண்டுவந்த ரெட் ஃப்ளாக் மசோதா ஓட்டெடுப்புக்கே வராமல் செத்தது. துப்பாக்கி வாங்க 72 மணி நேரக் காத்திருப்பு மட்டும் நிறைவேறியது. அதனால்தான் கையெழுத்து வாங்கி நேராக வாக்காளரிடம் போனார்கள்.

நான் "ஆம்" போட்டேன். என் பக்கத்து வீட்டுக்காரர், எனக்கு ஒவ்வொரு இலையுதிர் காலமும் மான்கறி தருகிறவர், "இல்லை" போட்டார். இன்னும் மான்கறி தருகிறார்.

முத்துவேல் எழுதியது:

பனிக்கரடி, நல்லா எழுதுறீங்க. ஆனா நீங்களே என் கட்சிக்கு வாதாடிட்டீங்க. சட்டம் இருந்துச்சு. போலீஸ்காரனுக்கு கதவை உடைக்கப் பயம். இதே போலீஸ்காரன்கிட்ட ரெட் ஃப்ளாக் உத்தரவு பேப்பரைக் கொடுத்தா மட்டும் கதவு தானா திறந்துடுமா? பேப்பர் கலர்தான் மாறுது.

வக்கீல் வண்டு எழுதியது:

கொஞ்சம் மாறும் அண்ணே. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் கனிக்லியா வழக்கில் ஒன்பது பேரும் ஒரே குரலில், "சமூகத்தைப் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேரில் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் புகுந்து துப்பாக்கியை எடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். கணவனின் தற்கொலைப் பேச்சால் பயந்து மனைவி போலீஸைக் கூப்பிட்ட வழக்கு அது. அதற்குப் பிறகு கையில் ஏதும் இல்லாமல் வாசலில் நிற்கிற போலீஸுக்கும், நீதிபதி கையெழுத்தோடு நிற்கிற போலீஸுக்கும் வித்தியாசம் இருக்கிறது. உத்தரவு இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: பெயர் பின்னணிச் சோதனைப் பதிவில் ஏறும், கடையில் புதிதாக வாங்க முடியாது. கதவு திறக்காவிட்டாலும் அந்த வழியாவது அடைபடும்.

தஞ்சாவூரான் எழுதியது:

இந்தியாவில் இருந்து எழுதுகிறேன், ஓய்வு பெற்றவன். மகன் இண்டியானாபொலிஸில் இருக்கிறான். நம் ஊரில் தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருகிறார்கள். 1959 ஆயுதச் சட்டம் 17-ஆம் பிரிவில் லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் இருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. அமெரிக்காவில் மட்டும் ஏன் இத்தனை கூத்து?

என் மகன் ஊரில் 2021 ஏப்ரலில் ஃபெட்எக்ஸ் கிடங்கில் எட்டுப் பேர் செத்தார்கள், நாலு பேர் நம் சீக்கியர்கள். அங்கேயும் இந்தச் சட்டம் இருந்ததாமே?

மலைநாட்டான் எழுதியது:

ஐயா, நம் ஊரில் துப்பாக்கி அரசு தரும் அனுமதி. கொடுத்தவனே திருப்பி வாங்குகிறான். இங்கே அது அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் தரும் உரிமை, தனிமனித உரிமை என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆகவே எடுப்பதற்கு நீதிபதி வேண்டும், காரணம் வேண்டும், கெடு வேண்டும்.

இண்டியானா கதை வயிற்றெரிச்சல். அங்கே சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. 2004-ல் மனநோயாளி ஒருவரிடமிருந்து போலீஸ் துப்பாக்கிகளை எடுத்தது, வைத்துக்கொள்ளச் சட்டம் இல்லாததால் திருப்பிக் கொடுத்தது. அவர் பிறகு ஜேக் லேர்ட் என்ற போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அந்த அதிகாரியின் பெயரில்தான் சட்டமே. ஃபெட்எக்ஸ் விஷயத்தில், 2020 மார்ச்சில் பின்னால் சுட்ட பையனின் தாயே போலீஸைக் கூப்பிட்டார். ஷாட்கன்னை எடுத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவும் இல்லை. ஆனால் அரசு வழக்கறிஞர் அலுவலகம் நீதிமன்றத்தில் மனுப் போடவில்லை. மனுவில் தோற்றால் துப்பாக்கியைத் திருப்பித் தர வேண்டிவரும், அவன்தான் திரும்ப வேண்டாம் என்கிறானே என்று கணக்குப் போட்டார்கள். மனு இல்லை, ஆகவே தடை இல்லை. அதே வருஷம் கடையில் சட்டப்படி இரண்டு ரைஃபிள் வாங்கினான்.

கையில் இருந்த துப்பாக்கியை எடுத்தார்கள், வாங்கும் உரிமையை எடுக்க மறந்தார்கள்.

எங்கள் கொலராடோவையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சட்டமன்றத்தில் நடந்தது ஒரு நாடகம்தான். 2018-ல் முதல் மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் குடியரசுக் கட்சிக்காரர், கோல் விஸ்ட். கீழவையில் தேறி, குடியரசுக் கட்சி கையில் இருந்த மேலவைக் கமிட்டியில் செத்தது. அந்த நவம்பரில் விஸ்ட் தொகுதியை இழந்தார். யாரிடம்? டாம் சல்லிவனிடம். 2012 அரோரா தியேட்டர் துப்பாக்கிச் சூட்டில் மகனை இழந்த தகப்பன். சொந்தக் கட்சிக்காரர்களிடம் திட்டு வாங்கி மசோதா கொண்டுவந்தவர் தோற்றார், வென்றவர் அடுத்த வருஷம் அதே மசோதாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலவையில் 18-க்கு 17. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மேலவைத் தலைவரே எதிர்த்து ஓட்டுப் போட்டார். குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டு கூட விழவில்லை. சல்லிவனைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க மனு ஓட்டினார்கள், அது பாதியில் நின்றது.

ஷெரிஃப்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். டக்ளஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் டோனி ஸ்பர்லாக், குடியரசுக் கட்சிக்காரர்தான், ஆதரித்தார்; அவருடைய டெபுட்டி சாக் பேரிஷ் 2017 கடைசி நாளில் மனநிலை சரியில்லாத ஒருவரால் கொல்லப்பட்டிருந்தார், மசோதாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வெல்ட் கவுண்டி ஷெரிஃப் ஸ்டீவ் ரீம்ஸ், ஜெயிலுக்குப் போனாலும் போவேன், அமல்படுத்த மாட்டேன் என்றார். பாதிக்கு மேற்பட்ட கவுண்டிகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. அதில் எல் பாசோ கவுண்டியும் ஒன்று. 2021-ல் அங்கே ஒருவர் வெடிகுண்டு மிரட்டலில் கைதானார். அந்த வழக்குப் பிறகு தள்ளுபடியானது. ரெட் ஃப்ளாக் மனு யாரும் போடவில்லை. 2022 நவம்பரில் அதே ஆள் கிளப் க்யூ என்ற இரவு விடுதியில் ஐந்து பேரைக் கொன்றார்.

என் கேள்விக்கு நானே பாதி பதில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சட்டமன்றத்தில் ஒரு ஓட்டில் ஜெயித்த சட்டம், பிடிக்காத ஷெரிஃப் இருக்கிற கவுண்டியில் பிறக்கவே இல்லை.

நிம்மி (ஹார்ட்ஃபோர்ட்) எழுதியது:

நான் அவசரப் பிரிவில் செவிலி. கனெக்டிகட். இங்கே எல்லோரும் கூட்டக்கொலையையே பேசுகிறீர்கள். டிவியில் வருவது அதுதான், சட்டமன்றத்தில் மசோதா எழுவதும் அதற்குப் பிறகுதான். ஆனால் எங்களிடம் வருவது வேறு.

அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். மாத்திரை விழுங்கி வருகிறவர்களில் பெரும்பாலோரை நாங்கள் காப்பாற்றி அனுப்புகிறோம். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் எங்களிடம் வந்து சேருவதே இல்லை. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை, அந்தச் சில மணி நேரம் கடந்தால் வாழ்கிறார்கள். துப்பாக்கி அந்த வாய்ப்பைக் கொடுப்பதில்லை.

எங்கள் மாநிலச் சட்டத்தை ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு ஆராய்ந்தது. 1999 முதல் 2013 வரை 762 உத்தரவுகள். பத்து முதல் இருபது பறிமுதலுக்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மதிப்பீடுதான், தராசில் நிறுத்த முடியாது. கூட்டக்கொலை குறைந்ததா என்று கேட்டால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அது எண்ணிக்கையில் அபூர்வம். தற்கொலைக் கணக்குதான் இந்தச் சட்டத்தின் உண்மையான கணக்கு. வேடிக்கை என்னவென்றால் மசோதாவை ஆதரிக்கிறவர்களே மேடையில் இதைச் சொல்வதில்லை. பள்ளிக்கூடப் படம்தான் காட்டுகிறார்கள்.

விதிவிலக்கு ஓரிகன். அங்கே 2017-ல் மசோதாவுக்குத் துணை நின்றவர் குடியரசுக் கட்சி செனட்டர் பிரையன் போக்விஸ்ட். கடற்படையில் இருந்த அவருடைய வளர்ப்பு மகன் தற்கொலை செய்துகொண்டார். கட்சி திட்டியது, அவர் பின்வாங்கவில்லை.

எங்கள் மாநிலத்திலேயே 2022 வரை குடும்பத்தாரும் மருத்துவர்களும் நேராக மனுப் போட முடியாது. போலீஸ்தான். வாசலில் அழுதுகொண்டு நிற்கிற மனைவியிடம் "போலீஸுக்குப் போங்கள்" என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் போக மாட்டார்கள். புருஷன் வேலை போய்விடும், ஊர் சிரிக்கும், போலீஸ் சுட்டுவிடும். நம் ஆட்கள் என்றால் விசா பயமும் சேரும்.

முத்துவேல் எழுதியது:

நிம்மி அக்கா, இதுக்கு நான் சண்டைக்கு வரல. என் வேட்டைக் கூட்டத்துலயே ஒருத்தர் விவாகரத்து சமயத்துல இரும்புப் பெட்டிச் சாவியை என்கிட்ட கொடுத்து வச்சிருந்தார். நான் கேட்டேன், அவர் கொடுத்தார். கோர்ட் இல்ல, போலீஸ் இல்ல. இப்படி நடக்கிறது உங்க கணக்குல எதுலயும் வராது. மனுப் போடுவாங்கன்னு பயம் வந்துட்டா யாரும் நண்பன்கிட்ட வாய் திறக்க மாட்டான். அதுதான் என் கவலை.

நிம்மி எழுதியது:

சாவி கொடுக்கிறவருக்கு இந்தச் சட்டம் தேவையே இல்லை தம்பி. கொடுக்க மாட்டேன் என்கிறவருக்குத்தான். உங்கள் நண்பர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

முத்துவேல் எழுதியது:

அவர் பொண்டாட்டிகிட்ட பேசியிருப்பேன். அதுக்கு மேல தெரியல.

குமரேசன் (நாஷ்வில்) எழுதியது:

எங்கள் டென்னசியை யாரும் தொடவில்லை. 2023 மார்ச் 27, கவனன்ட் பள்ளி. மூன்று குழந்தைகள், ஒன்பது வயசு. மூன்று பெரியவர்கள். சுட்டவர் மனநல சிகிச்சையில் இருந்தவர், ஏழு துப்பாக்கி சட்டப்படி வாங்கியவர். ஆளுநர் பில் லீ குடியரசுக் கட்சி. செத்தவர்களில் அவர் மனைவியின் தோழிகளும் உண்டு. அவரே இப்படி ஒரு பாதுகாப்பு உத்தரவுச் சட்டம் வேண்டும் என்றார், ஆகஸ்டில் சிறப்புக் கூட்டத்தொடரும் கூட்டினார். சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கு மேல் அவருடைய கட்சி. கவனன்ட் பெற்றோர்கள் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கீழவை சின்ன அட்டை பிடிக்கவும் தடை போட்டது, நீதிமன்றம் போய்த் தற்காலிகமாக நீக்கினார்கள். கடைசியில் ஆளுநரின் மசோதாவைத் தாக்கல் செய்ய ஆள் கிடைக்கவில்லை. ஒரு வாரத்தில் கூட்டத்தொடரை முடித்துப் பூட்டினார்கள்.

அடுத்த வருஷம் இன்னும் ஒருபடி மேலே: நகரங்கள் தாமாக ரெட் ஃப்ளாக் விதி போடக்கூடாது என்று மாநிலச் சட்டம். இதற்கு வழிகாட்டி ஓக்லஹோமா, 2020-லேயே போட்டது.

ஃப்ளோரிடாவை நினைத்தால் ஆச்சரியம். பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் செத்தது 2018 பிப்ரவரி 14. மார்ச் 9-ல் அப்போதைய ஆளுநர் ரிக் ஸ்காட் ரெட் ஃப்ளாக் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்றே வாரம். மேலவையில் 20-க்கு 18. போலீஸ் மட்டுமே மனுப் போடலாம் என்று சுருக்கிக்கொண்டார்கள், ஆனால் ஆயிரக்கணக்கில் உத்தரவு வாங்குகிறார்கள். அங்கே ஷெரிஃப்கள் சட்டத்தைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். மலைநாட்டான் சொன்னதற்கு இது மறுபக்கம்.

கிறுக்கன் எழுதியது:

அப்போ மெய்ன்ல குடும்பம் போகலாம்னு போட்டதே தப்பா? ஃப்ளோரிடா மாதிரி போலீஸ் மட்டும்னு வச்சாலே ஓடுதே?

பனிக்கரடி எழுதியது:

ஓடும், போலீஸ் ஓட நினைத்தால். எங்கள் ஊரில் மே முதல் அக்டோபர் வரை குடும்பம் போலீஸை நம்பிக் காத்திருந்தது. இரண்டாவது வாசல் இருப்பதில் என்ன நஷ்டம்?

வக்கீல் வண்டு எழுதியது:

நஷ்டம் உண்டு என்று சொல்கிறவர்கள் வலதுசாரிகள் மட்டும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். 2018-ல் ரோட் தீவு மாநிலத்தின் ஏ.சி.எல்.யூ. (குடிமக்களின் உரிமைகளுக்காக வழக்காடும் பழைய அமைப்பு, துப்பாக்கிக்காரர் சங்கம் இல்லை) அங்கே வந்த மசோதாவைக் கடுமையாக விமர்சித்தது. குற்றம் செய்யாதவரை வருங்காலத்தில் செய்வார் என்று ஊகித்து உரிமையைப் பறிப்பது நாளை வேறு எதற்கெல்லாம் போகும் என்று கேட்டது. போலீஸ் ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்டுக்கொன்ற ஃபெர்குசன் ஊரில் கறுப்பர் வீட்டு வாசலில் இந்த உத்தரவோடு போலீஸ் நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்கிறவர்கள் இடதுசாரியிலும் உண்டு. நான் சட்டத்தை ஆதரிக்கிறவன். இருந்தாலும் இந்தக் கேள்வியை ஒதுக்க மாட்டேன்.

அரசியல் சாசனப் பிரச்சினை ஓரளவு தீர்ந்தது. 2022 ப்ரூயன் தீர்ப்பு, துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் பழைய மரபில் ஒப்பு இருக்க வேண்டும் என்றதும் எல்லோரும் பயந்தார்கள். 2024 ஜூன் 21-ல் ரஹிமி வழக்கு: பிறர் உடலுக்கு நம்பத்தக்க அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டவரிடமிருந்து தற்காலிகமாக ஆயுதத்தை எடுக்கலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார், 8-க்கு 1. நீதிபதி தாமஸ் மட்டும் மாறுபட்டார். அது குடும்ப வன்முறை உத்தரவு பற்றியது, ரெட் ஃப்ளாக்கைப் பற்றி நேராகச் சொல்லவில்லை. "பிறருக்கு" என்று இருக்கிறது. தனக்குத்தானே ஆபத்து என்கிற, நிம்மி அக்கா சொன்ன, அந்தப் பெரிய பாதி இன்னும் வாதத்துக்குத் திறந்தே இருக்கிறது.

மத்திய அரசு? டெக்சாஸின் யூவால்டே பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2022 ஜூனில் கீழவை நாடு முழுக்கச் செல்லும் மசோதாவை நிறைவேற்றியது, செனட் எடுக்கவே இல்லை. பதிலாக இரு கட்சியும் சேர்ந்து போட்ட சட்டத்தில் மாநிலங்களுக்கு 75 கோடி டாலர், இதற்கும் மற்ற நெருக்கடித் திட்டங்களுக்கும் சேர்த்து. பணம் கொடுத்தார்கள், கட்டாயம் இல்லை.

பெயர்_வேண்டாம் எழுதியது:

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வாஷிங்டன் மாநிலம். அக்கா வீட்டுக்காரர். வேலை போனதிலிருந்து பேச்சு சரியில்லை, "நான் இல்லாவிட்டால் இன்சூரன்ஸாவது வரும்" என்கிறார். வீட்டில் கைத்துப்பாக்கி ஒன்று. போலீஸ் என்றதும் அக்கா அழுகிறாள். நான் மனுப் போட முடியுமா?

வக்கீல் வண்டு எழுதியது:

இது சட்ட ஆலோசனை அல்ல, வழி மட்டும் சொல்கிறேன். வாஷிங்டனில் 2016-ல் வாக்காளர்களே கொண்டுவந்த சட்டம், குடும்பத்தார் போகலாம், மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நீங்களா அக்காவா என்றால் அக்கா போவதே வலு. ஒரே வீட்டில் இருக்கிறார், காதால் கேட்டவர். என்றைக்கு, எந்த வார்த்தையில் சொன்னார் என்று இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அக்கா மறுத்தால் போலீஸும் மனுப் போடலாம். இது குற்ற வழக்கு இல்லை என்பதை அக்காவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

நிம்மி எழுதியது:

மனுவுக்கு முன்னால், இன்றிரவே, 988-க்கு (தற்கொலைத் தடுப்பு உதவி எண்) கூப்பிடுங்கள். அவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, நீங்களும் பேசலாம். அவரிடம் நேராகவே கேளுங்கள், "சாகணும்னு நினைக்கிறீங்களா அத்தான்" என்று. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். தனியாக விடாதீர்கள். இப்போதே ஆபத்து என்று தோன்றினால் 911.

முத்துவேல் எழுதியது:

தம்பி, துப்பாக்கியை முதல்ல கேட்டுப் பாருங்க. "அத்தான், கொஞ்ச நாள் நான் வச்சுக்கிறேன்"னு. உங்க மாநிலத்துல கைமாத்தறதுக்கே பின்னணிச் சோதனை விதி இருக்கு, அவசரத்துக்கு விலக்கு உண்டுன்னு கேள்வி. ஷெரிஃப் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, சில இடத்துல அவங்களே வாங்கி வைப்பாங்க. அவர் கொடுக்கலைன்னா வண்டு சொன்னதைச் செய்யுங்க. நான் சொல்றேன்.

பெயர்_வேண்டாம் எழுதியது:

988-ல் பேசினேன். இப்போது அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறேன், ஒன்றரை மணி நேரப் பயணம். அக்கா எழுத ஆரம்பித்திருக்கிறாள்.